இரண்டு நாள் பொறுக்கும் சீட்டு

வணக்கம். ராத்திரி இரண்டு மணிக்குக் காதைப் பிடித்துக்கொண்டு வீறிடும் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் மருத்துவமனைக்கு முதல் ஆளாக வந்துவிடுவார்கள். "டாக்டர், நல்ல ஆன்டிபயாடிக்கா எழுதிக் கொடுங்க."

குழந்தைகள் மருத்துவனான எனக்கு அந்த இடத்தில்தான் கை தயங்கும்.

நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் இருக்கும். சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி அழுத்தும். அதுதான் அந்த வலி. தொடக்கம் பெரும்பாலும் வைரஸ். பாக்டீரியா சேர்ந்துகொண்டாலும் பல பிள்ளைகளின் உடம்பே அதைச் சமாளித்துவிடும். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், 100 பேரில் சுமார் 60 பேருக்கு ஒரே நாளில் வலி விட்டுவிடுகிறது. முதல் ராத்திரி வலிக்கு ஆன்டிபயாடிக் உதவாது. எடைக்கேற்ற பாரசிட்டமால்தான் உதவும். (எண்ணெய் காய்ச்சி ஊற்றும் பாட்டிகள் மன்னிக்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது வம்பு.)

இங்கிலாந்தில் 315 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு உடனே மருந்து. மற்றவர்களின் பெற்றோரிடம், "72 மணி நேரம் பாருங்கள், தேறாவிட்டால் மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். காத்திருந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் மருந்தைத் தொட்டார்கள்.

எல்லோரையும் காக்க வைக்க முடியாது. ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று, காதில் சீழ், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தாங்க முடியாத வலி என்றால் அன்றைக்கே எழுதிவிடுவேன். காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, பிள்ளை துவண்டு போனாலோ ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். இரண்டு பஸ் மாறி வந்தவரிடம் "நாளை மறுநாள் காட்டுங்கள்" என்றால் அவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். சீழ் வடியும் காதை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்ட பிள்ளைகளையும் பார்க்கிறேன். அதனால் சீட்டைக் கையிலேயே கொடுத்து, மருந்துக்கடைக்கு மட்டும் இரண்டு நாள் தள்ளிப் போகச் சொல்கிறேன். வாங்கினால் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். தண்ணீர் கலந்த மருந்தில் மிச்சத்தை அடுத்த சளிக்கென்று ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது.

போன மாதம் ஓர் அம்மா தடுப்பூசிக்கு வந்தபோது பையைத் துழாவி என் பழைய சீட்டை எடுத்தார். மருந்து வாங்கவே இல்லையாம். பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதியிருந்தது.