அடுப்புக்குப் போகாத கீரை

வணக்கம் நேயர்களே. நம் வீடுகளில் கீரை என்றால் கடைவோம், மசிப்போம், பொரியல் கூட்டு வைப்போம், எல்லாமே கொதித்து வருகிறவை. அதனால் மண் போனால் போதும் என்று அலசிப் பழகிவிட்டோம், மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்கிறது. ஆனால் அடுப்பையே பார்க்காமல் வாய்க்குப் போகிற இலைகளும் தினமும் இருக்கின்றனவே: ரசத்தை இறக்கிய பிறகு கிள்ளிப் போடுகிற கொத்தமல்லி, பச்சையாக அரைக்கிற புதினாச் சட்னி, முட்டைக்கோஸ் சாலட், காலையில் குடிக்கிற கீரை ஜூஸ், யாழ்ப்பாணத்து வீடுகளில் வல்லாரைச் சம்பல். இன்றைக்கு நான் பேச வந்தது இவற்றைப் பற்றித்தான்.

கீரை தரையை ஒட்டி வளர்கிற பயிர். பாய்ச்சுகிற தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தாலும், மக்காத எரு போட்டிருந்தாலும், அதில் உள்ளது இலையில் ஒட்டும். பறித்த பிறகு வாய்க்காலிலோ குட்டையிலோ முக்கி எடுப்பார்கள், சந்தையில் வாடாமல் இருக்க ஈரச்சாக்கைப் போர்த்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், அது எந்தத் தண்ணீர் என்று நமக்குத் தெரியாது. பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கிற கட்டு சுத்தமான கட்டு என்று நினைத்துவிட வேண்டாம்.

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, அமீபா எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. நான் அதிகம் கவலைப்படுவது நாடாப்புழுவைப் பற்றி. சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்ட ஒருவரின் குடலில் இந்தப் புழு வளர்கிறது, அதன் முட்டைகள் அவருடைய மலத்தில் வெளியேறுகின்றன, அந்த முட்டை தண்ணீர் வழியாகவோ இலை வழியாகவோ கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால் அதிலிருந்து வருகிற இளம்புழு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, மூளையில் போய்க் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். சில வருடம் கழித்துத் திடீரென்று வலிப்பு வரும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து டாக்டர் ‘மூளையில் புழுக்கட்டி’ என்று சொல்லும்போது, "நாங்கள் சுத்த சைவமாயிற்றே, எப்படி?" என்று குடும்பமே திகைத்து நிற்கும். சைவமாக இருந்தாலும் வரும் என்பதுதான் உண்மை. நியூயார்க்கில், பன்றிக்கறியைத் தொடவே தொடாத ஆசாரமான யூதக் குடும்பங்களில் இந்த நோய் வந்ததை 1992இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். வீட்டு வேலை செய்தவர்களில் ஒருவருக்குக் குடலில் நாடாப்புழு இருந்தது, அந்தக் கை வழியாகத்தான் உணவுக்குள் போயிருக்க வேண்டும் என்று கண்டார்கள். இந்தப் புழு நிலைத்திருக்கிற பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் 30 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் இலையைக் கழுவுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சமைக்கிறவர் யாராக இருந்தாலும் சரி.

இப்போது மஞ்சளுக்கும் உப்புக்கும் வருவோம், ஏனென்றால் நாம் பெரிதும் நம்பிக்கொண்டிருப்பது இவற்றைத்தான். உப்புத் தண்ணீரில் போட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிற பூச்சியும் புழுவும் இலையை விட்டுக் கழன்று வரும், அந்த அளவுக்கு நல்லது. ஆனால் கிருமியை அது கொல்லாது, ஒரு பாத்திரத் தண்ணீரில் போடுகிற ஒரு சிட்டிகை மஞ்சளும் கொல்லாது. வினிகர் பாக்டீரியாவைக் கொஞ்சம் குறைக்கும், குடற்புழு முட்டையை அசைக்காது. உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதன் மேல்தோல் அவ்வளவு கெட்டி. குளோரின் மாத்திரை கரைத்த தண்ணீருக்குக்கூட அது சாகாது. அதைக் கொல்ல முடியாது என்பதால் இலையிலிருந்து கழற்றி வெளியேற்ற வேண்டும், அதற்கு நிறையத் தண்ணீரும் தேய்க்கிற விரலும் வேண்டும். சோப்பு, பாத்திரம் கழுவுகிற லிக்விட் எதுவும் வேண்டாம், இலை அதை உறிஞ்சிக்கொண்டு வயிற்றைத்தான் கெடுக்கும்.

கட்டைப் பிரிக்காமல் குழாயில் காட்டிவிட்டு எடுப்பது கழுவுவதே இல்லை. நூலை அவிழ்த்து, வேரை வெட்டி எறிந்து, அழுகியதையும் மஞ்சளானதையும் ஆய்ந்து ஒதுக்குங்கள். முட்டைக்கோஸ் என்றால் வெளி இலைகள் இரண்டு மூன்றை உரித்துவிடுங்கள். நறுக்கிய பிறகு கழுவாதீர்கள், வெட்டுவாய் வழியாகக் கிருமி உள்ளே போகும். பெரிய குண்டானில் நல்ல தண்ணீர் நிறைய ஊற்றி, இலைகளை அமுக்கி அலசி, கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள், மண் அடியில் படியட்டும். அப்புறம் இலையைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். பலரும் தண்ணீரைச் சாய்த்து வடிகட்டுகிறோம், அப்போது அடியில் படிந்த அத்தனையும் திரும்ப இலை மேலேயே வந்து விழுகிறது. தண்ணீரை மாற்றி மாற்றி, அடியில் மண் தெரியாமல் போகிற வரைக்கும் இதைச் செய்யுங்கள். கடைசியாக ஓடுகிற தண்ணீரில், தண்டும் இலையும் சேருகிற இடத்தை விரலால் தேய்த்துக் கழுவி, வடிதட்டில் போட்டுச் சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். குழாய்த் தண்ணீர் மேல் நம்பிக்கை இல்லையா, கடைசி அலசலுக்குக் கொதித்து ஆறிய நீரை வைத்துக்கொள்ளுங்கள். மீன், கறி வெட்டிய பலகையில் இதை நறுக்க வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் கிருமி குறையுமே தவிர அறவே போகாது. 2011இல் ஜெர்மனியில் ஈ கோலை என்கிற குடல் பாக்டீரியா பரவி நான்காயிரம் பேர் வரைக்கும் நோயில் விழுந்தார்கள், ஐம்பதுக்கு மேல் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள், கடைசியில் பார்த்தால் நம் அடுக்களையிலும் இருக்கிற முளைகட்டிய வெந்தயம். முளைகட்டும் ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் தோதானது, அதைக் கழுவி எடுக்க முடியாது, அதனால் முளைப்பயறை எப்போதும் ஆவியில் வேகவைத்தே சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் பச்சை இலையையே தவிர்க்கட்டும். அவர்களுக்காக ரசத்தில் மல்லித்தழையை இறக்குவதற்கு முன்னாலேயே போட்டு ஒரு கொதி விடுங்கள், வாசனை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. நன்றி, வணக்கம்.