எட்டுக் கோப்பைத் தேநீர்

நேயர்களுக்கு வணக்கம். ஆய்வுக் கட்டுரையின் உறுப்புகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் வானொலி நிலையத்தார் சற்றே தயங்கினார்கள். இட்லி வேகிற நேரத்தில் இதை யார் ஐயா கேட்பார்கள் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, முகம் கேட்டது. அதனால் அடுப்பங்கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அக்காளுக்கு ஒரு பிடிவாதம். டம்ளரில் சர்க்கரையை முதலில் போட்டுக் காபியை ஊற்றினால் ஒரு சுவை, காபியை ஊற்றிவிட்டுச் சர்க்கரையைப் போட்டால் வேறொரு சுவை என்பாள். "ஒரு வாய் குடித்தால் போதும், எது எது என்று சொல்லிவிடுவேன்" என்பாள். நாங்கள் சிரிப்போம். ஆனால் பாருங்கள், அவள் சொல்வதைச் சோதித்துப் பார்க்க முடியும். சோதனையில் அது தோற்கவும் கூடும். அப்படிச் சோதனைக்குக் கழுத்தை நீட்டி நிற்கிற கூற்றுக்குத்தான் கருதுகோள் என்று பெயர். சில பாடநூல்களில் எடுகோள் என்றும் இருக்கும். 'காபி நல்ல பானம்' என்பது கருதுகோள் ஆகாது. அதை எப்படித் தோற்கடிப்பது?

இதே வழக்கு இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-இல் தொடங்கிய வேளாண் ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. 1920-களில் அங்கே ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் வேலை பார்த்தார். ஒருநாள் தேநீர் வேளையில் அவர் ஒரு கோப்பையை நீட்ட, முரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி வேண்டாம் என்றுவிட்டார். அவர் பாசிகளை ஆராய்ந்தவர். பாலை முதலில் ஊற்றிய தேநீர்தான் தமக்குப் பிடிக்கும், இது அப்படி இல்லை என்றார். எதை முதலில் ஊற்றினால் என்ன என்று நீங்களும் நானும் கேட்பதையே அங்கிருந்தவர்களும் கேட்டார்கள். சரி, சோதித்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

1935-இல் ஃபிஷர் எழுதிய 'சோதனைகளின் வடிவமைப்பு' என்ற ஆங்கில நூலில், அம்மையாரின் பெயரைச் சொல்லாமல், இந்தத் தேநீருக்கு ஒரு இயல் முழுவதையும் ஒதுக்கினார். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். நான்குக்கு நான்கு என்பது அம்மையாருக்கும் தெரியும். எந்த வரிசையில் கொடுப்பது என்பதை மட்டும் சீட்டோ பகடையோ போட்டு முடிவு செய்ய வேண்டும். இதற்குச் சமவாய்ப்பு என்று பெயர்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. காகிதம் எடுக்க வேண்டாம். எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க எழுபது வழிகள் உண்டு. அம்மையாருக்கு ஒன்றும் தெரியாது, குருட்டாம்போக்கில்தான் சொல்கிறார் என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். இதுதான் இன்மைக் கருதுகோள். அப்படியென்றால் எட்டையும் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புதான். ஆனால் ஒரே ஒரு ஜோடியை மாற்றிச் சொல்வதற்கோ பதினாறு வழிகள் உண்டு. எழுபதில் பதினாறு! அதனால், "ஒன்றுதானே தப்பு, விட்டுவிடுங்கள்" என்று அம்மையாருக்காகப் பரிந்து பேச இடமில்லை. இதையெல்லாம் தேநீர் ஊற்றுவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். முன்பே. குடித்தபின் அல்ல.

அதைப் படித்துவிட்டு நானும் அக்காளைச் சோதித்தேன். எட்டு டம்ளர் காபி. வீட்டில் எவர்சில்வர் டம்ளர் நான்குதான் கைக்கு அகப்பட்டது. சர்க்கரை முதலில் போட்ட காபியை அவற்றில் கொண்டுபோனேன், மற்ற நான்கையும் கண்ணாடி டம்ளரில். எட்டையும் அக்காள் சரியாகச் சொன்னாள். "என்ன தம்பி, இப்போதாவது ஒப்புக்கொள்கிறாயா?" என்றாள். நான் அசந்துபோனேன். என் மனைவிதான், "டம்ளரைப் பார்த்தால் நான்கூடச் சொல்லிவிடுவேனே" என்றாள்.

நான் மாற்றியது சர்க்கரை போடும் வரிசையை. அது சாரா மாறி. அதற்கேற்ப மாறுகிறதா என்று பார்த்தது அக்காளின் பதிலை. அது சார்ந்த மாறி. டம்ளரோ அழையாத விருந்தாளியாக நடுவில் வந்து உட்கார்ந்துகொண்ட குறுக்கிடும் மாறி. நாற்பது ஆண்டுகள் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான் என்பதை நேயர்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

இந்தத் தவற்றை மனைவி எப்படிக் கண்டுபிடித்தாள்? நான் என்ன செய்தேன் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். தொலைவில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்காகத்தான் கட்டுரையில் ஆய்வு முறை என்ற பகுதி இருக்கிறது. என்னைக் கேட்டால் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நம் ஆய்வேடுகளிலோ அங்கே ஒரே வாக்கியம்: 'இவ்வாய்வில் விளக்கமுறை, பகுப்பாய்வு முறை, ஒப்பீட்டு முறை ஆகியன பின்பற்றப்பட்டுள்ளன.' குழம்பு எப்படி வைத்தாய் என்று கேட்டால், வேண்டிய பொருள்களை வேண்டிய அளவு போட்டு வேண்டிய நேரம் கொதிக்க வைத்தேன் என்பது போல!

ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன். ஒரு மாவட்டத்தின் தாலாட்டுப் பாடல்கள் பற்றிய ஆய்வேடு. நல்ல உழைப்பு. யார் யார் பாடினார்கள் அம்மா என்று கேட்டேன். மாணவி தலையைக் குனிந்துகொண்டு, "எங்கள் தெருவில் இரண்டு பாட்டிகள், ஐயா" என்றார். இரண்டு பாட்டிகளின் பாட்டும் அருமையான பாட்டுதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு அவர்கள் போதுமான மாதிரி ஆவார்களா? 'இரண்டு பாட்டிகள், ஒரே தெரு, பகலில், பேரக்குழந்தை இல்லாதபோது பாடிக் காட்டியவை' என்று ஆய்வு முறையில் எழுதியிருந்தால் அந்த ஆய்வேட்டின் மதிப்பு கூடியிருக்கும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எப்படிச் செய்தீர்கள் என்பதை எழுதுங்கள்.

இன்னொன்று சொல்கிறேன். ஃபிஷர் அந்த இயலில், அம்மையார் சரியாகச் சொன்னாரா இல்லையா என்பதை எழுதவேயில்லை. முழுக்க முழுக்க முறைதான்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டே நிமிடம். மற்ற உறுப்புகளை ஓட்டமாகச் சொல்கிறேன். சுருக்கத்தைக் கடைசியில் எழுதி முதலில் வையுங்கள். சினிமா விளம்பரம் போல் மர்மம் வேண்டாம், முடிவையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். முன்னுரையில் கேள்வி என்ன, முன்னே யார் என்ன கண்டார்கள் என்பது வர வேண்டும். முடிவுகள் பகுதியில் கண்டது மட்டும்: எட்டுக்கு எட்டு. அதற்கு என்ன பொருள், எங்கே சறுக்கியிருக்கலாம் என்பது விவாதத்தில் வரட்டும். எத்தனை பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். மரபணுப் பொருளான டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொல்லி 1953-இல் வாட்சனும் கிரிக்கும் எழுதியது ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். துணைநூற்பட்டியலைப் பற்றித்தான் நிறைய வைத்திருந்தேன். படிக்காத நூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அக்காள் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாள். பக்கத்து வீட்டில் நான்கு எவர்சில்வர் டம்ளர் இரவல் கேட்டிருக்கிறேன். வணக்கம்.