மயிலுக்குப் பிரேக் போட்டதிலிருந்து யோசனை: வி2-வை மாற்றலாமா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, பேச்சு சரியாக விழவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நீலமாகத் தெரிகிறதே, அதுதான் நம்ம யமஹா ஆர்15 பைக், வி2, அதாவது இரண்டாம் பதிப்பு. 2014 மாடல், 71,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்றைக்கு ரைடு வீடியோ இல்லை. இந்த வண்டியைக் கொடுத்துவிட்டு இன்னொன்று செகண்ட் ஹேண்டில் எடுப்பதா வேண்டாமா என்று மூன்று மாதமாக மண்டைக்குள் ஓடுகிறது. வாய்விட்டுப் பேசினால் தெளியும் என்று கேமராவை வைத்தேன்.

இந்த யோசனை வந்தது ஒரு மயிலால். போன ஐப்பசியில் வேலை முடிந்து திருப்பூரிலிருந்து ஊத்துக்குளிக்கு வந்துகொண்டிருந்தேன். மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது. வேகம் 45 இருக்கும். கிளுவை வேலிக்குள்ளிருந்து மயில் ஒன்று தோகையோடு ரோட்டில் குதித்தது. நான் பிரேக்கைப் பிடித்தேன். முன்சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. அடுத்த நொடி நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். கையுறை இருந்ததால் உள்ளங்கை தப்பியது, முழங்கையில் தோல் போனது. ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கிற பிளாஸ்டிக் உறை) விரிசல், ஹேண்டில் லேசாக வளைவு. மயில் வேலி மேல் ஏறி நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

வண்டியைக் குறை சொல்லவில்லை. ஈர ரோட்டில் அப்படிப் பதறிப் பிடித்தால் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு, இல்லாத எந்த வண்டியும் வழுக்கும். வி2-வில் ஏபிஎஸ் கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயமானதே புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலில், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலில். வெளியே தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாமா என்று நம்ம மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அதனால் முதலில் என்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். உனக்கு வேண்டியது பிரேக்கா, வேகமா? பிரேக்தான் என்று யோக்கியமாகப் பதில் சொன்னேன். அப்புறம் நேராகப் பொள்ளாச்சிக்குப் போய் நண்பனின் கேடிஎம் ஆர்சி 390 பைக்கை ஓட்டினேன். மனுசப் புத்தி.

அது 2017 மாடல். 373 சிசி, 43 குதிரைத்திறன். நம்முடையது 149 சிசி, 17. ஆழியாறு ரோட்டில் வலது கையைக் கொஞ்சம் திருகியதும் இரண்டு பக்கத் தென்னந்தோப்பும் பச்சைக் கோடாகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன், அந்த ஆடியோ இருக்கிறது, போட மாட்டேன். ஆனால் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். என் ஓட்டம் ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்குப் போக வர முப்பது கிலோமீட்டர், மாதம் 800 பக்கம். ஊருக்குள் நுழைந்துவிட்டால் பனியன் வேனுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் மூன்றாவது கியருக்கு மேல் வேலையே இல்லை. மாதம் ஒரு ஞாயிறு திம்பம் போவேன், 27 கொண்டை ஊசி. வருடத்துக்கு இரண்டு தரம் வால்பாறை, அங்கே 40. கொல்லிமலை 70 வளைவையும் இந்த 17 குதிரைதான் ஏறியது. 43-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

காசுக் கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் அடிப்படைத் தொகை 150 சிசி வரைக்கும் 714 ரூபாய், 150-லிருந்து 350 வரைக்கும் 1,366, அதற்கு மேல் போனால் 2,804. ஜிஎஸ்டி தனி. 373 சிசி கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்கிறது. டயர், செயின் ஸ்ப்ராக்கெட் செலவெல்லாம் அதே கணக்கில்தான் ஏறும். சரி, ஆர்சி 390 ஆசைக்கு ஓட்டியதோடு முடிந்தது. (நண்பா, வண்டி கொடுத்ததற்கு நன்றி. பெட்ரோல் போட்டுத்தான் நிறுத்தினேன்.)

அடுத்தது டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. பக்கத்து ஓசூரில் செய்கிற வண்டி, 2017 டிசம்பரில் வந்தது. 312 சிசி, 34 குதிரை. 2020-இல் பிஎஸ்6 புகை விதிக்கு ஏற்ப வந்த மாடலில் நான்கு ரைடிங் மோடு வந்தது. ரெயின் மோடில் போட்டால் பவர் 25.8-க்கு இறங்கி, ஏபிஎஸ்ஸும் மழைக்கு ஏற்றபடி வேலை செய்யும். எனக்குப் பிடித்ததே அதுதான். கோயமுத்தூரில் பழைய வண்டி விற்கிற ஒரு கன்சல்டிங்கில் 2020 வண்டி நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். விலை 1,60,000 சொன்னார்கள். 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றார்கள்.

போனதும் பெயிண்டைப் பார்க்காமல் குனிந்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் டயர் தயாரான தேதி நான்கு எண்ணில் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2020 வண்டியில் இரண்டு டயரும் 2023. இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் இரண்டையும் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஃபேரிங்குக்குள் கைவிட்டுத் தடவினேன், ஒட்ட வைத்த கிளிப் இரண்டு சிக்கியது. ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் சேஸில் போய் முட்டி நிற்கிற ஒரு கட்டை இருக்கும், அது நசுங்கியிருந்தது. வண்டி பலமாக விழுந்தால்தான் அது அப்படி ஆகும். கால் வைக்கிற பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, மீட்டர் மட்டும் 14,000. கடைக்காரர் கூச்சமே இல்லாமல், "தம்பி, இது டாக்டர் ஓட்டின வண்டிங்க" என்றார். நம்ம ஊர்க் கன்சல்டிங்குகளில் நிற்கிற வண்டி எல்லாம் ஏதாவது ஒரு டாக்டர் ஓட்டியதுதான். இத்தனை வண்டி வைத்திருக்கிற டாக்டர்கள் எப்போதுதான் வைத்தியம் பார்க்கிறார்களோ.

இன்னொன்று கவனித்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியும் இறங்கத்தானே வேண்டும்? அந்தக் கடையில் சொன்னது அதற்கு முந்தைய கணக்கு. செகண்ட் ஹேண்ட் எடுக்கப் போகிறவர்கள் அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையை விசாரித்துக்கொண்டு போங்கள். பேரம் பேசும்போது அந்த எண் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

சரி, மூன்றாவது. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தனிநபர் கொடுக்கிறார், ஆர்15 வி3. 2019 மாடல், 28,000 ஓடியது, கேட்பது 1,05,000. வி3 என்று சொன்னதும் பாய்ந்துவிடாதீர்கள். 2018-இல் வந்த முதல் வி3-களில் ஏபிஎஸ் இல்லை, 2019 ஜனவரியில்தான் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து வந்தது. விளம்பரத்தில் இரண்டுமே வி3 என்றுதான் இருக்கும். டிஸ்க் பக்கத்தில் பல்பல்லாக ஒரு வளையம், அதை ஒட்டி ஒரு சென்சார் ஒயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாமலே எரிவதைவிட, எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், யாரோ கோளாறை மறைத்திருக்கலாம்.

ஓட்டிப் பார்த்தேன். 155 சிசி, 19.3 குதிரை. காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, டார்க் (இழுவைத் திறன்) நம்ம வி2-வை விட ஒரு துளி குறைவுகூட. ஆனால் 7,400 ஆர்பிஎம் பக்கம் என்ஜின் வால்வு திறக்கிற விதம் மாறும்போது வண்டி இன்னொரு மூச்சு எடுக்கிறது. ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் கிளட்ச் லீவர் வெண்ணெய் மாதிரி, வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்காரன் சொல்கிறேன், நம்புங்கள். மண் ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். லீவர் விரலில் தடதடவென்று துடித்தது, சக்கரம் நிற்காமல் உருண்டது. மண்ணில் ஏபிஎஸ் சீக்கிரம் நிறுத்தும் என்று சொல்ல மாட்டேன், நிறுத்தும் தூரம் கூடத்தான் செய்யும். ஆனால் ஹேண்டில் என் கையில் இருந்தது. அந்த ஐப்பசி சாயங்காலம் என்னிடம் இல்லாதது அதுதான்.

குறை உண்டு. உட்காரும் பாங்கு வி2-வை விடக் குனிவு, அரை மணி நேரத்தில் மணிக்கட்டு பேசியது. பின்சீட் பேச்சே வேண்டாம். அம்மிச்சியிடம் போட்டோ காட்டினேன், "இதுல ஏணி வெச்சுத்தான் ஏறோணும் சாமி, நான் பஸ்ஸுலயே போய்க்கறேன்" என்றது. அம்மா வேறு, "ஓடற வண்டியத்தான வெச்சிருக்கற, அப்புறம் எதுக்குக் கடன்?" என்கிறது. நியாயமான கேள்விதான். வி2-வை வெளியே கொடுத்தால் 45,000 வரும், கையிலிருந்து போட வேண்டியது 60,000. இதையே வைத்துக்கொள்வதானால் கோன் செட், ஃபோர்க் சீல், செயின், இரண்டு டயர் எல்லாம் சேர்த்து 14,000 ஆகும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கிறார். 2029-இல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி, அதாவது பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டிவரும். பெட்ரோலில் எத்தனால் கலப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். வி2, வி3 இரண்டுமே இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) முந்தைய வண்டிகள், அந்த விசயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

60,000-க்கும் 14,000-க்கும் நடுவில் இருப்பது ஏபிஎஸ் மட்டும்தான் என்று வைத்துப் பார்த்தேன். முழங்கையைத் தடவினால் விலை அதிகமாகத் தெரியவில்லை. அதனால் வி3 பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஆனால் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. கோபிக்காரர் வண்டியின் ஆர்சியில் பைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கிறது. லோன் கட்டி முடித்தாயிற்று என்கிறார், இருக்கலாம். பாக்கி இல்லை என்கிற பேங்க் என்ஓசியும், பைனான்ஸ் பெயரை நீக்குகிற பாரம் 35-ம் கைக்கு வந்து ஆர்சியிலிருந்து பெயர் நீங்கினால்தான் பணம் என்று சொல்லிவிட்டேன். வண்டியைப் பெயர் மாற்றுகிற பாரம் 29-உம் 30-உம் அதற்கப்புறம்தான். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கிற தள்ளுபடி) வண்டியோடு வராது, அது ஆளோடு போகிறது. விலையில் அதைச் சேர்த்துப் பேசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

இன்னொரு சின்ன உறுத்தல். போன தரம் நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி நின்றது. சூடான என்ஜின் எல்லாமே இனிமையாகத்தான் பாடும். ஸ்டார்டிங் தொல்லை, டைமிங் செயின் சத்தம், புகை எல்லாம் ஆறிய என்ஜினில்தான் தெரியும். ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறேன், அதுவரை சாவியே போடாதீங்க என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனதும் முதல் வேலையாக என்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் கோபி பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி குடித்துவிட்டு இதே நீல வண்டியில் திரும்பி வருகிறேன்.