காணி எழுதிய கரம்: கொக்கட்டிச்சோலை நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நீதித்துறைப் பெரியோர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, ஆலயத்தைப் பரிபாலிக்கும் வண்ணக்கர் பெருமக்களே, கிழக்கே எழுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு வாவி கடந்து வந்திருக்கும் சட்டத்தரணிகளே, ஐயாவின் குடும்பத்தாரே, தாய்மாரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பெரும்போக உழவை ஒரு பொழுது ஒத்திவைத்து இத்தனை விவசாயிகள் கூடியிருப்பதே மறைந்த நம் சட்டத்தரணி ஐயாவுக்கு வாவியின் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரை செலுத்தும் மரியாதை.

ஐயாவின் கல்வி, நூலகத்துக்கு அவர் ஆற்றிய பணி, காணி உறுதிகளிலும், மரணசாசனங்கள் என்னும் உயில்களிலும் அவர் செய்த தொண்டு ஆகிய மூன்றையும் பேச எண்ணி வந்தேன். ஆனால் இந்தச் சபையைக் கண்டதும் மூன்றாவதே முந்திக்கொண்டு வருகிறது. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று அவர் ஓயாமல் சொல்வார். சூடடித்த களத்துப் பழமொழியை, காணியை எழுதிவைக்கத் தயங்கும் தகப்பன்மாருக்கு அவர் சொன்னார்.

மண்முனைத் துறைக்கு 2014இல் பாலம் வருவதற்கு முந்திய சம்பவம் ஒன்று. மாரிகாலத்து மாலை, வாவியைக் கடக்கும் மிதவையான பாதை கடைசி முறையாகப் புறப்படும் வேளை. இக்கரையில் ஒரு முதியவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்ற செய்தி வந்ததும், ஐயா கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பாதையில் ஏறினார். கடதாசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். முதியவருக்கு மூன்று ஏக்கர் வயல். மனைவி காலமாகிவிட்டார், மூத்த மகன் வெளிநாட்டில். கணவனை இழந்த மகளே கஞ்சி வைத்துக் கொடுத்துப் பராமரித்தாள். "வயல இந்தப் புள்ளைக்கு எழுதித் தாங்க ஐயா, சாசனம் ஒண்டு போதும்" என்றார் முதியவர். தலையணைக்கடியில் இருந்த பிளாஸ்டிக் உறையை வாங்கி, மடிப்பில் கிழிந்திருந்த தாளை ஐயா லாம்பு வெளிச்சத்தில் விரித்தார். அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரச காணிக்கு வழங்கிய உத்தரவுப்பத்திரம். உறுதிக் காணியென்றால் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள், முன்னிலையில் ஒப்பமிட்ட மரணசாசனம் செல்லும். உத்தரவுப்பத்திரக் காணிக்கு அது உதவாது. தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமித்து, உரியவர் உயிரோடிருக்கும்போதே பதிந்தும் விட வேண்டும். நியமனம் இல்லாவிட்டால், அச்சட்டத்தின் அன்றைய வாரிசு அட்டவணைப்படி பிள்ளைகளுள் ஆண்மக்களே முந்துவர். ஐயா மூன்று பிரதிகள் எழுதிப் பெருவிரல் அடையாளம் வாங்கினார். வீட்டார் நீட்டிய பணத்தைத் தொடாமல், ஒரு பிளேன்டீ மட்டும் குடித்தார். மறுநாள் அலுவலகம் திறக்குமுன்பே வாசலில் நின்று பதிவித்தார். அந்த வாரமே முதியவர் கண்மூடினார். அந்த வயலை இன்றும் விதைத்து வரும் மகள் இச்சபையில் இருக்கிறார். அவருக்கும் என் வணக்கம்.

2004 ஆழிப்பேரலையில் நாவலடியிலும் கல்லாற்றிலும் உறுதிகளைப் பறிகொடுத்தவர்களிடம், நொத்தாரிசு அனுப்பிய இணைப்பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும் என்று சொல்லித் தேற்றி, தேடியும் கொடுத்தவர் அவர். அதை விரிக்க இன்று நேரமில்லை.

பெரியோர்களே, 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையில் ஆண்களுக்கிருந்த முன்னுரிமையை நீக்கிவிட்டது. ஆனாலும் நியமனம் செய்யாத உத்தரவுப்பத்திரங்கள் நம் பெட்டகங்களில் இன்னும் கிடக்கின்றன. உடன்பிறந்தோர் நீதிமன்றப் படியில் ஒருவரையொருவர் பாராமல் நிற்கிறார்கள். காற்றுள்ளபோதே தூற்றாத குற்றம் அந்தத் தகப்பன்மாருடையதன்று. அவர்களுக்கு எடுத்துச் சொல்லாத நம்முடையது. சிலை வைப்பது குறித்துப் பேசும் நண்பர்களை வேண்டுகிறேன்: அந்தப் பணம் இந்த வேலைக்குப் போகட்டும்.

பிரதேச செயலாளர் அவர்களே, மாரி மழை வலுக்குமுன் ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவிலும் பின்னுரித்து நியமனத்துக்கென ஒரு நடமாடும் சேவை நடத்தித் தாருங்கள். கட்டணம் பெறாமல் படிவம் நிரப்பித் தர இங்குள்ள இளஞ்சட்டத்தரணிகள் இசைந்திருக்கிறார்கள். திகதியை இந்த மேடையிலேயே அறிவிக்குமாறு உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.