டிராம் கேட்டால் பனியும் வாங்கணுமாங்க?

நடுவர் அய்யா அவர்களே, எதிரணித் தம்பி ஒரு உவமை சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிராக்டர் எடுக்கிறவர் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தனியாகத்தானே வாங்குகிறார், நிஜ வேலைகளைத் திரையில் செய்து பார்க்கிற சிமுலேஷன் கேமுக்கு டிஎல்சியும், அதாவது தனிக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிற கூடுதல் பகுதியும், அப்படித்தான், அதில் காசு எங்கே வீணாகிறது என்று கேட்டார். பொள்ளாச்சியில் டிராக்டரைப் பற்றிப் பேசினால் கைதட்டு விழத்தான் செய்யும். ஆனால் தம்பி, பழைய டிராக்டரைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்தாலும், குதிரைத்திறன் ஒத்துப்போனால் அதே ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு மறுநாளே தோட்டத்தில் இறங்கிவிடலாம். உங்கள் டிஎல்சி மாட்டுமா? நகரம் கட்டி நடத்துகிற சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்கிற கேம் 2015இல் வந்தது. அப்புறம் பூங்காவுக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, விமான நிலையத்துக்கு ஒன்று என்று வருஷா வருஷம் விற்றார்கள். 2023இல் இரண்டாம் பாகம் வந்தபோது பழையதில் ஒன்றுகூட அதில் ஏறவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். அந்த கேமின் முதல் பாகத்தில் நான் கோயமுத்தூரைக் கட்டினேனுங்க. உக்கடம், காந்திபுரம், அவிநாசி ரோடு எல்லாம் உண்டு. அவிநாசி ரோட்டில் ஒரு டிராம் விட ஆசை. தேடினால், டிராம் 2016இல் வந்த 'ஸ்னோஃபால்' என்கிற டிஎல்சிக்குள் இருக்கிறது. சரி, வாங்கினேன். கூடவே பனி அள்ளும் வண்டி, அள்ளிய பனியைக் கொட்ட ஒரு கிடங்கு, வீடுகளுக்குச் சூடேற்றும் குழாய்! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கேட்டிருந்தாலும் அர்த்தம் உண்டு, கோயமுத்தூரில் எவருங்க பனி அள்ளுவது? தக்காளி கேட்டவன் தலையில் பூசணிக்காயையும் சேர்த்துக் கட்டியது போல ஆகிவிட்டது.

டிராம் ஓடியது. காந்திபுரம் ஜாம் மட்டும் அசையவில்லை. கடைசியில் கைகொடுத்தது, ஆர்வலர்கள் செய்து இலவசமாக விட்டிருக்கிற டிராஃபிக் மேனேஜர் என்கிற மாட், அதாவது கேமோடு சேர்த்துக்கொள்கிற ஒரு மாற்றம். எந்த லேனில் வருகிற வண்டி எந்தப் பக்கம் திரும்பலாம் என்று ஒவ்வொரு லேனுக்கும் கோடு இழுத்துக்கொண்டே வந்தேன், ராத்திரி பதினொன்றரைக்கு மணல் லாரி ஒன்று முதலில் நகர்ந்தது, பின்னாலேயே மொத்த வரிசையும் கலைந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நான் கொடுத்த விலை பூஜ்யம்.

இன்னொன்று. 2015இல் முதல் பாகத்துக்கு 'ஆஃப்டர் டார்க்' என்கிற டிஎல்சி வந்தபோது, இரவு பகல் மாறுகிற அந்த அழகு, டிஎல்சி வாங்காதவர்களுக்கும் இலவச அப்டேட்டில் கிடைத்தது. சும்மா இருந்தவனுக்கே பாதி விருந்து! இரண்டாம் பாகத்துக்கு 2024 மார்ச்சில் கடற்கரை வீடுகள் என்று ஒன்று விற்றார்கள். வீடு இருந்தது, கடற்கரையைத்தான் காணோம். ஆட்டக்காரர்கள் போட்ட சத்தத்தில் மறுமாதமே பணத்தைத் திருப்பித் தருகிறோம், அதை எல்லோருக்கும் இலவசமாக விடுகிறோம் என்று அறிவித்தார்கள். அவசரப்பட்டு முதல் நாளே வாங்கியவர்தான் ஏமாளி.

அதற்காக எல்லாமே குப்பை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. லாரி ஓட்டுகிற யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்கிற கேம் இருக்கிறதே, 2012இல் வந்த அதே கேமுக்கு 2017இல் இத்தாலி, 2024இல் கிரீஸ் என்று நாடு நாடாகச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். அங்கே வாங்குவது ரோடு, ஏற்கெனவே இருக்கிற ரோட்டோடு போய்ச் சேருகிற ரோடு. நாமக்கல் லாரிக்காரர் யாராவது அதை வாங்கினால் நான் குறுக்கே நிற்க மாட்டேனுங்க. நடுவர் இதை எதிரணிக் கணக்கில் எழுதிவிட வேண்டாம், ஒன்றே ஒன்றுதான்!

ஒரு தீபாவளித் தள்ளுபடியில் ஒன்பது டிஎல்சி மொத்தமாக எடுத்தேன், திறந்து பார்த்தது இரண்டு. தம்பி, உங்கள் ரோட்டவேட்டர் வேண்டாம் என்றால் பாதி விலைக்காவது பக்கத்துத் தோட்டத்துக்காரர் எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கிற அந்த ஏழையும் நான் எந்தச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது, நீங்களே சொல்லுங்க.