மெரினாவுக்கு வந்த மணல் யாருடையது?

[காட்சி: விடியற்காலை, மெரினா. அலை நுரையோடு ஏறி இறங்குகிறது. ஈர மணலில் ஒரு வேப்பங்குச்சி.]

ஜூன், ஜூலை மாதத்தில் ஒருநாள் மெரினாவுக்குப் போனால், அலை வந்து தொடும் இடத்தில் ஒரு குச்சியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் அதையே பாருங்கள். அலை நேராகக் கரையேறாது. தெற்கிலிருந்து கொஞ்சம் சாய்வாக ஏறும். ஏறும்போது குச்சியையும் வடக்குப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். திரும்பும்போது மட்டும் தண்ணீர் சரிவைப் பார்த்து நேராக இறங்கிவிடும். அடுத்த அலை மறுபடி சாய்வாகத் தூக்கும். ரம்பப் பல் வரைந்தது போல ஏறி ஏறி இறங்கி, குச்சி உங்களைத் தாண்டி வடக்கே போய்விடும்.

குச்சிக்கு நடப்பதுதான் காலடியில் இருக்கும் மணலுக்கும் நடக்கிறது. ஏறக்குறைய மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை மணல் வடக்கே போகும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே திரும்பும். போவது அதிகம், திரும்புவது குறைவு. வரவு செலவு பார்த்தால் சோழமண்டலக் கரையில் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. ஒரு டிப்பர் லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் பல்லாயிரம் லாரி மணல்!

ஆகவே கடற்கரை என்பதை ஓர் இடமாக நினைக்காதீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் மணல் ஆறு. நேற்று நீங்கள் மிதித்த மணல் இன்று அங்கே இல்லை. போனதற்குப் பதிலாகத் தெற்கிலிருந்து வேறு மணல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஆற்றின் குறுக்கே சுவர் கட்டினால் என்ன ஆகும்?

[காட்சி: பழைய சென்னையின் ஓவியம். கோட்டைக்குக் கிட்டத்தில் கடல், அலையில் ஆடும் மசூலா படகுகள்.]

அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகில் ஏற்றி, அலையோடு மல்லுக்கட்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கடல் அப்போது ஜார்ஜ் கோட்டைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. 1870களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் இரண்டு கல் கரங்கள் நீண்டன. 1881 நவம்பரில் அடித்த புயல் பெரும்பகுதியை உடைத்துப் போட்டது. விடாமல் திரும்பக் கட்டினார்கள்.

வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குக் கரத்தில் முட்டி நின்றது. நின்ற இடத்திலேயே குவிந்தது. முதலில் கிழக்கு பார்த்து வைத்திருந்த துறைமுக வாயிலையே மணல் அடைக்கத் தொடங்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று. தெற்கே குவிந்த மணல்தான் நாம் சுண்டல் வாங்கித் தின்றபடி நடக்கும் இந்த அகலமான மெரினா. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் கரையோர நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தபோது கடல் இத்தனை தூரத்தில் இல்லை. கூவம் வாயை அடிக்கடி மணல் மூடிக்கொள்வதிலும், தோண்டத் தோண்ட மறுபடி மூடுவதிலும் இந்தத் தேக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

[காட்சி: ராயபுரம், காசிமேடு. கரை முழுக்கக் கருங்கல்.]

துறைமுகத்துக்கு வடக்கே மணல் வரத்து நின்றது. அலையின் பலம் மட்டும் குறையவில்லை. வெறுங்கையோடு வந்த அலை, அங்கே இருந்த கரையை அள்ளிக்கொண்டு வடக்கே போனது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வீடுகள், தெருக்கள், கோயில்கள் என்று கடல் எடுத்துக்கொண்டே வந்தது. தென்சென்னைக்குக் கிடைத்த மணலை வடசென்னை இழந்தது. மெரினாவின் நீளத்தையும் அழகையும் எத்தனையோ பேர் பாடியாயிற்று. அந்தக் கணக்கின் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கடலரிப்பைத் தடுக்க லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். மணல் கரை அலையைத் தன்மேல் ஏறவிட்டு அதன் வேகத்தைக் குடித்துவிடும். கல் அப்படிச் செய்யாது, திருப்பி அடிக்கும். திரும்பிய அலை கல்லுக்கு அடியில் இருக்கும் மணலைப் பறிக்கும். கல் உள்ளே இறங்கும். மேலே இன்னும் கல் போட வேண்டும். சாலை தப்பித்தாலும் கரை திரும்பி வராது. படகை இழுத்துப் போட, வலை உலர்த்த, கருவாடு காயவைக்க மீனவருக்கு வேண்டியது மணல்தான்.

பிறகு தூண்டில் வளைவுகள் வந்தன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் குட்டைக் கல் கரங்களுக்கு நம் ஊரில் வழங்கும் பெயர் அது. ஒவ்வொரு வளைவும் தனக்குத் தெற்கே கொஞ்சம் மணல் பிடிக்கும், வடக்கே கொஞ்சம் அரிக்கும். ஒரு குப்பத்துக்குக் கிடைத்தால் அடுத்த குப்பம் கேட்கும். கேட்பதில் என்ன தவறு?

[காட்சி: புதுச்சேரி. காந்தி சிலை, கீழே கற்பாறைகள்.]

இதே கதை புதுச்சேரியில் நம் கண்முன்னே நடந்தது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் கரங்கள் கட்டினார்கள். தெற்கே மணல் மேடு வளர்ந்தது. வடக்கே, ஊர் கூடி உட்கார்ந்திருந்த மணற்கரை சில ஆண்டுகளிலேயே காணாமல் போய், கடற்கரைச் சாலை ஓரம் வெறும் கற்களானது. அரிப்பு அங்கே நிற்கவில்லை. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஏறி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது. ஒரு அரசின் எல்லைக்குள் கட்டிய சுவரால் இன்னொரு அரசின் குப்பத்தில் வீடு இடிகிறது.

மனிதன் கை வைக்காத காலத்திலும் கடல் கரையை எடுத்திருக்கிறது. தரங்கம்பாடியில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை தின்றுவிட்டது. இன்று அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கடலுக்கு மணல் கொடுக்கும் ஆறுகளை அணைகள் மறித்திருக்கின்றன, மிச்ச மணலை லாரிகள் அள்ளுகின்றன.

மறித்த மணலைக் கடத்திவிட வழி இல்லையா? இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலை ராமகிருஷ்ணா கடற்கரையில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று வாயில் 2001 முதல் தெற்கே சேரும் மணலைப் பம்பு வைத்து உறிஞ்சி, குழாயில் ஆற்றைத் தாண்டி வடக்கே அனுப்புகிறார்கள். செலவு உண்டு, நிறுத்தவும் முடியாது. ஆனால் துறைமுகம் கட்டும் செலவோடு சேர்ந்த செலவு அது. அதைக் குப்பத்து மக்களின் தலையில் கட்டக்கூடாது.

[காட்சி: புதுச்சேரி தலைமைச் செயலகம் எதிரே, மாலை நேர மணற்கரை.]

2018இல் இந்த இடத்துக்கு எதிரே, நீருக்கடியில் ஆப்பு வடிவில் ஓர் எஃகுத் திட்டை இறக்கினார்கள். தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வேலை. அலை அதன் மேல் ஏறும்போதே வேகம் குறைந்து, கொண்டுவந்த மணலைக் கரையில் விட்டுவிடுகிறது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் இங்கே சேர்ந்தது. முப்பது ஆண்டு கல்மேல் உட்கார்ந்து கடல் பார்த்த ஊர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி மணலில் இறங்கியது.

இங்கிருந்து வைத்திக்குப்பம் கூப்பிடு தூரம்தான். அந்த மணல் அங்கேயும் போய்ச் சேர வேண்டும்.