ரத்தத்தில் புற்றுச் செல் இருந்தால் பரவிவிட்டது என்று அர்த்தமா?

போன வாரம் வந்த ஒரு கேள்வி மனதிலேயே நிற்கிறது. ஒரு தங்கை எழுதியிருந்தார்: "அம்மாவுக்கு மார்பகப் புற்று. ஆபரேஷன், கீமோ முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. ரத்தத்தில் புற்றுச் செல் ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எடுக்கலாமா சார்? செல் இருந்தால் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்றுதானே அர்த்தம்?"

இல்லைம்மா. புற்றுச் செல் விதை மாதிரி, அது போய் விழும் உறுப்பு மண் மாதிரி; மண் ஒத்துவந்தால்தான் விதை முளைக்கும். களத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிப் போகும் வண்டி வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகும். தார் ரோட்டில் விழுந்தது முளைக்காது, கோழி கொத்தியது போக, வாய்க்கால் ஓரம் விழுந்த ஒன்றிரண்டுதான் நாற்றாக நிற்கும். ரத்தத்தில் இறங்கும் புற்றுச் செல்களும் பெரும்பாலும் அங்கேயே செத்துப்போகின்றன.

சரி, டெஸ்ட். செல்சர்ச் என்ற முறைக்கு அமெரிக்காவில் 2004-ல் அனுமதி கிடைத்தது. 7.5 மில்லி ரத்தம் எடுப்பார்கள், ஒன்றரை டீஸ்பூன். அதற்குள் சிவப்பணுக்களே சாதாரணமாக மூவாயிரம் கோடிக்கு மேல்! புற்றுச் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தில் போய் ஒட்டும் நுண்ணிய இரும்புத் துகள்களைக் கலந்து, காந்தத்தால் இழுத்து, சாயமேற்றி எண்ணுகிறார்கள். ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் நோயின் போக்கு கடுமையாக இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு, ஏற்கெனவே மற்ற உறுப்புகளுக்குப் பரவிய மார்பகப் புற்றுக்கானது. அம்மாவைப் போல சிகிச்சை முடிந்தவர்களுக்கு வழக்கமாக எடுக்கும் டெஸ்ட் அல்ல. அந்தப் புரதத்தை உதறிவிட்ட செல்கள் காந்தத்தில் சிக்காமலும் போகும். அதனால் பூஜ்யம் வந்தாலும் முழு நிம்மதி கிடையாது.

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கும் கேள்வி வேறு: ரிசல்ட் வந்தபின் சிகிச்சையில் எது மாறும்? அமெரிக்காவில் இதையே சோதித்தார்கள். பரவிய மார்பகப் புற்று உள்ளவர்களில், முதல் சுற்று கீமோவுக்குப் பிறகும் செல் எண்ணிக்கை குறையாதவர்களில் ஒரு பாதிக்கு உடனே வேறு கீமோ கொடுத்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. ஆயுள் கூடவில்லை.

அதே 2014-ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. முற்றிய புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் பிடித்த செல்களை எண்ணியதோடு விடாமல், உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்த்தார்கள். ஏஆர்-வி7 என்ற மாற்றம் இருந்தவர்களுக்கு என்சாலுடமைடு, அபிராடெரோன் மாத்திரைகள் வேலை செய்யவில்லை. எந்த மருந்து வீண் என்று முன்கூட்டியே தெரிந்தால் நோயாளிக்கு எத்தனை மாதங்கள் மிச்சம், யோசித்துப் பாருங்கள்.

தங்கச்சி, அம்மாவுக்கு அடுத்த மேமோகிராம் எப்போது என்று டாக்டரிடம் கேட்டு எனக்கு எழுதும்மா.